நான் முறுக்கிப் பார்க்காத நான்கு போல்ட்டுகள்

அப்போது நான் ஓர் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். மின்சாரம் நின்றால் கைகொடுக்கும் பேட்டரிகளை வைத்திருக்கும் இரும்பு ஸ்டாண்டுகள், நிலநடுக்கத்தில் சாயாதபடி தரையோடு இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை.

லீவில் கம்பத்துக்கு, ரஹீமா அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். காலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தரை அதிர்ந்தது. அடுப்படி ஸ்டாண்ட் சாய்ந்து, பாத்திரங்கள் அக்காவின் காலருகே கொட்டின.

நடுங்கிப்போன அக்கா கேட்டாள்: "ஏலே, நீ வேலை பாக்குற எடம் இப்பிடி ஆடுனா அங்கன ஒண்ணும் விழுகாதுல்ல?"

"விழுகாதுக்கா" என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் நினைவு வந்தது. ஊருக்குக் கிளம்பிய அன்று, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஒரு ஸ்டாண்டைத் தரையோடு பிணைக்கும் நான்கு போல்ட்டுகளை முறுக்கிப் பார்க்காமலே, பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

வேலை போனால் போகட்டும் என்று எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, என் அதிகாரியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "சாயங்காலம் கூப்பிடு" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் கூப்பிட்டேன். "நானே போய்ப் பாத்தேன். நாலும் இறுக்கமாத்தான் இருக்கு. ஆனா, நீ இதுவரைக்கும் கையெழுத்துப் போட்ட எல்லாத்தையும் இனி மறுபடி பாக்கணும்ப்பா" என்றார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அதான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாகள்ல, பெறகு ஏன் ஒன் மொகம் இப்பிடி இருக்கு?" என்றாள்.

எனக்கே தெரியவில்லை. அந்த நான்கு போல்ட்டுகளும் இறுக்கமாக இருந்ததற்கு நான் காரணமில்லை. தளர்ந்திருந்தால் நான்தான் காரணம். இதற்கு நிம்மதி அடைவதா, வெட்கப்படுவதா என்று இன்றுவரை விளங்கவில்லை.