அளவெட்டியில் இல்லாத கிணறு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ரியூட்டரி எனப்படும் தனியார் வகுப்புகளில் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சில நாள் அச்சுவேலி, சனிக்கிழமைகளில் அளவெட்டி, மற்ற நாட்களில் யாழ்ப்பாண நகரம். வீடு உரும்பிராயில். யுத்தத்தால் பெற்றோல் இல்லாத காலம். எவ்வளவு தூரமென்றாலும் சைக்கிள்தான். பெரிய வீதியால் போனால் ஹெலிகொப்டர் சுட வரும்போது ஒதுங்க இடம் இருக்காது. அதனால் வேலிகளுக்கு நடுவே ஓடும் ஒழுங்கைகளால் போகப் பழகினேன். அப்போதுதான் தெரிந்தது, பிறந்து வளர்ந்த மண்ணில் நான் ஒன்றையுமே பார்த்திருக்கவில்லை என்று.

அச்சுவேலிப் பக்கம் ஒரு தோட்டத்து வரம்பில் தலை பிரிந்த பனை ஒன்று நின்றது. ஒரே அடிமரம், மேலே பல தலைகள். அதற்கு அங்கால், தரிசு நிலத்துப் பாறையில் சட்டி வாயளவு ஓட்டை ஒன்று. காதை வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். கொளுத்தும் வெயிலிலும் குளிர்காற்று முகத்தில் அடிக்கும். குருநகரில் ஒரு மீனவர் வீட்டு முற்றத்தில், எப்போதோ உடைந்த கப்பலொன்றின் முகப்பிலிருந்து கரையொதுங்கிய மரப்பெண் நின்றாள். மூக்கில்லை. கடலுக்குப் போகும்போது அந்த வீட்டுக்காரர் அவள் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவார்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒரு கிணற்றடியில் கிடந்த உடுப்புத் தோய்க்கும் கல். எங்கள் ஊர்க் கல் வெள்ளைச் சுண்ணாம்புக் கல். இது கன்னங்கரேல் என்று இருந்தது. தண்ணீர் குடிக்க நின்றவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெங்காயத் தோட்டம் செய்யும் அந்த வீட்டு அக்கா, புருஷனை இழந்தவர், சிரித்தார்.

“என்ன பிள்ளை, கல்லைக் கண்டதில்லையோ? உது எங்கடை மாமா கோட்டைப் பக்கத்தாலை வண்டிலிலை கொண்டந்தவராம்.”

இரண்டு பேருமாக அலவாங்கைப் போட்டு நெம்பிப் பார்த்தோம். அடிப்பக்கத்தில் ஒல்லாந்தர் காலத்து எழுத்து, நடுவில் ஒரு மண்டையோடு. யாரோ ஒரு வெள்ளைக்காரனின் கல்லறைக் கல். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, “ஐயோ, செத்தவன்ரை நெஞ்சிலையோ நான் இவ்வளவு காலமும் உடுப்பு அடிச்சனான்!” என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு பழையபடி கவிழ்த்துப் போட்டோம்.

“ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை,” என்றார்.

நான் ஒரே ஒருவரிடம் சொன்னேன். நகரத்து ரியூட்டரியில் பௌதிகவியல் படிப்பித்த மாஸ்டர். வெள்ளை முழுக்கைச் சட்டை, சக மனிதரின் பேச்சைத் தலையாட்டிக் கேட்கும் பழக்கம். வகுப்புகளுக்கு இடையில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பால் விடாத பிளேன்ரீ குடிக்கும்போது, “இண்டைக்கு என்ன கண்டனீங்கள் ரீச்சர்?” என்று கேட்பார். அப்படிக் கேட்க எனக்கு வேறு ஆள் இருக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் அவருடைய கட்டுரை வந்தது. அப்போது தாள் தட்டுப்பாட்டால் பள்ளிக் கொப்பித்தாளில்தான் பேப்பர் அடிப்பார்கள். நீலக் கோடுகளுக்கு மேல் என் வார்த்தைகள் அப்படியே கிடந்தன. ‘சட்டி வாயளவு’ கூட என்னுடையது. பனைக்கு ஆறு தலை என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். அடுத்த முறை போனபோது எண்ணிப் பார்த்தால் ஐந்துதான். அவரோ, ‘ஆறு தலைகளையும் நானே எண்ணினேன்’ என்று எழுதியிருந்தார். மனிதர் ஒரு இடத்துக்கும் போகவில்லை என்று அன்றைக்கே விளங்கியது.

அடுத்த வாரம் கல்லைப் பற்றி எழுதினார். கிணற்றடி, ஒழுங்கை, அடையாளம் எல்லாம் போட்டு.

நான் போய்ச் சேர்ந்தபோது கல் இருந்த இடத்தில் சேற்றுக் குழிதான் இருந்தது. பழைமையைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நகரத்துப் பெரிய மனிதர்கள் சிலர் மாட்டுவண்டில் பிடித்து வந்து ஏற்றிப்போய்விட்டார்கள். அக்கா உடைந்த சீமெந்துத் துண்டொன்றில் பிள்ளையின் பள்ளிச் சட்டையைத் தோய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“அக்கா, நான் பேப்பருக்குக் குடுக்கேல்லை.”

“நீ சொல்லாமல் காத்தோ போய்ச் சொன்னது? தண்ணி வேணுமெண்டால் அள்ளிக் குடிச்சிட்டுப் போ.”

நான் தண்ணீர் குடிக்கவில்லை. உரும்பிராய் வரும்வரை பெடலை மிதித்த மிதியில் சங்கிலி இரண்டு தரம் கழன்றது.

அந்த மாதமே மாஸ்டருக்கு ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா. மேடையில் கல்லை நிமிர்த்தி வைத்து மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் மாஸ்டர், தோளில் பொன்னாடை. ரியூட்டரி ஆட்கள் எல்லோரும் போகவேண்டும் என்றதால் நானும் போய் மூன்றாம் வரிசையில் இருந்தேன். அவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, “இப்படி ஒழுங்கை ஒழுங்கையாக அலைவது பெண்களால் ஏலாத காரியம். வெயில் பாராமல் ஆம்பிளை ஒருவன் சைக்கிள் உழக்கவேண்டும்,” என்றார். சபை சிரித்தது. அவர் என்னைப் பார்த்தும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. களவெடுத்ததை நான் அறிவேன் என்பதும், நான் வாய் திறக்கமாட்டேன் என்பதும் அதில் இருந்தது.

நான் வாய் திறக்கவில்லை. சண்டை பிடித்தால் என்ன வரும்? ‘ரீச்சருக்கு எரிச்சல்’ என்பார்கள். எனக்கு வேண்டியது நியாயம் இல்லை. அவர் நாலு பேருக்கு முன்னால் கூனிக்குறுகி நிற்பதை என் கண்ணால் பார்க்கவேண்டும்.

வழி அளவெட்டியில் கிடைத்தது. நான் படிப்பித்த கொட்டிலுக்குப் பக்கத்து வீட்டில் ஒருநாள் தண்ணீர் கேட்டேன். வீட்டு அம்மா குடத்திலிருந்து வார்த்துத் தந்துவிட்டு, “எங்கடை வளவிலை கிணறில்லை மோனை, றோட்டுக்கு அங்காலை பங்குக் கிணறுதான்,” என்றார். விறாந்தைச் சுவரில் மகளின் கலியாணப் படம். மாப்பிள்ளையைத் தெரிந்தது. மாஸ்டரின் கட்டுரைகளைப் போட்ட அதே பேப்பரின் ஆசிரியர். சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தபோது சும்மாவே பெல்லை அடித்தேன். சந்தோஷத்தில்தான்.

அவசரப்படவில்லை. சில வாரம் மாஸ்டரோடு முன்னரைப் போலவே கதைத்தேன். என் பங்குப் பனங்கட்டியையும் அவருக்கே நீட்டினேன். பிறகு ஒருநாள் குரலைத் தாழ்த்தினேன்.

“மாஸ்டர், அளவெட்டியிலை ஒரு கிணறு. பின்னேரம் கோயிலிலை நாதஸ்வரம் வாசிக்கேக்கை, கிணத்துத் தண்ணி வளையம் வளையமா நடுங்குது. கொஞ்ச நேரம் செல்ல அதே சத்தம் உள்ளுக்கிருந்து திரும்பி வருது.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “பரிவு! ஒண்டின்ரை அதிர்வுக்கு இன்னொண்டு சேர்ந்து அதிருறது. அது பரிவுதான் ரீச்சர். எந்த வீடு?”

“நீலக் கேற். கேற்றடியிலை தும்பிக்கை உடைஞ்ச சீமெந்து யானை இருக்கும். எனக்கு உந்தப் பௌதிகம் ஒண்டும் விளங்காது. நீங்கள்தான் விளங்கப்படுத்த வேணும்.”

அடுத்த ஞாயிறே விளங்கப்படுத்திவிட்டார். நீலக் கேற், சீமெந்து யானை, ஒலி அலை எல்லாம் ஒழுங்காக இருந்தன. நான் சொல்லாததும் இருந்தது: கிணற்றுக்கட்டில் தான் அமர்ந்திருந்தபோது அந்த வீட்டு அம்மா மோர் கொண்டுவந்து தந்து உபசரித்தாராம். அதை வாசித்து நான் வீட்டில் தனியாகச் சத்தம்போட்டுச் சிரித்தேன்.

திங்கட்கிழமை, நாங்கள் தேநீர் குடிக்கும் நேரம், பேப்பர் ஆசிரியர் சைக்கிளில் வந்து இறங்கினார். மாஸ்டர்மார் எல்லோரும் இருந்தோம். யன்னலில் பொடியன்கள்.

“மாஸ்டர், அந்த வீட்டிலை மோர் நல்லா இருந்ததோ?”

“ஓம் ஐயா, அந்த அம்மா நல்ல மரியாதையான மனிசி.”

“அது என்ரை மாமி வீடு. உம்மை நம்பி வாசிக்காமலே அச்சுக்குக் குடுத்திட்டன். அந்த வளவிலை கிணறே இல்லை. மாப்பிள்ளையாப் போன நாளிலையிருந்து நான் துவாயைத் தோளிலை போட்டுக்கொண்டு றோட்டைக் கடந்துதான் குளிக்கப் போறனான். நேற்றிலையிருந்து ஊர்ச் சனம் பாட்டுக் கேக்கிற கிணறு எங்கை எண்டு மாமியை இருக்க விடுகுதில்லை. நீர் எந்தக் கிணத்துக்கட்டிலை ஐசே இருந்தனீர்?”

மாஸ்டரின் முகத்தில் வேர்வை துளிர்த்தது. பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

“ரீச்சர்தான்... இவதான் எனக்குச் சொன்னவ.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னேன்:

“நானோ? ஒழுங்கை ஒழுங்கையா அலையப் பெம்பிளையாலை ஏலுமோ மாஸ்டர்?”

யன்னலடியில் ஒருவன் வெடித்துச் சிரித்தான். அதோடு எல்லோரும். மாஸ்டர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் பார்க்க விரும்பிய காட்சி அதுதான். ஆறுதலாக, ஒன்றையும் தவறவிடாமல் பார்த்தேன்.

கட்டுரைகள் நின்றன. அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்வாங்கில் யாராவது நாதஸ்வரம் போல ‘பீ’ என்று இழுப்பார்கள். வேறு ரியூட்டரிக்கு மாறினார். அங்கேயும் அந்தச் சத்தம் போனது. பேப்பர் ஆசிரியர் என்னை எழுதச் சொல்லி ஆள் அனுப்பினார். மாட்டேன் என்றேன். கல்லைத் திருப்பி வாங்கித் தரச் சொல்லி அவரைக் கேட்டேன்; பெரிய மனிதர்கள் தரவில்லை. அக்காவிடம் மாஸ்டருக்கு நடந்ததைச் சொன்னபோது, “அதாலை எனக்கென்ன?” என்று மட்டும் கேட்டார். எனக்கு வலித்தது. ஆனால் மாஸ்டர் மேலிருந்த கோபம் அதனால் குறையவில்லை.

தொண்ணூற்றைந்தில் ராணுவம் முன்னேறி வர எங்கள் பகுதியே இடம்பெயர்ந்தபோது, மழையில் சனத்தோடு சனமாக நகர்ந்துகொண்டிருந்தேன். நாவற்குழிப் பாலத்தடியில், மூட்டை கட்டிய சைக்கிளோடு அவர் நின்றார். தாடி வளர்ந்திருந்தது. என்னைக் கண்டதும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கால் வீங்கியிருந்தது. ஆனாலும் அவர் முகம் திருப்பியதைப் பார்க்க, அந்த நிலையிலும், எனக்கு நன்றாகத்தான் இருந்தது.