டீச்சர் மகள் எந்தப் பள்ளிக்கூடம்?

எங்கள் வீட்டில் அரசாங்கச் சம்பளம் வாங்கியது அம்மாதான். பல்லேபொலைப் பக்கம் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பு டீச்சர். அப்பாவுக்குச் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை. லீவு கிடைத்தால் வருவார். இங்கிலீஷ் தெரிந்த பையன்கள் ரிசப்ஷனில் ஃபேனுக்கடியில் நிற்பதையும், தான் அழுக்குத் துணி மூட்டையோடு படியேறுவதையும் பார்த்துப் பார்த்து அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். என்னை மாத்தளையில் இங்கிலீஷில் படிப்பிக்கிற தனியார் பள்ளிக்கூடத்தில்தான் சேர்க்க வேண்டும். அப்பாவின் சம்பளம் சாப்பாட்டுக்கே சரி. ஆகவே தமிழ்ப் பள்ளிக்கூடம் அம்மாவுக்குக் கொடுப்பதை அம்மா அப்படியே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு. இதில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

எனக்கு ஐந்து வயதாக இருந்த அந்த டிசம்பரில் அனுமதிப் பணம் கட்டியாகிவிட்டது. டையும் கட்டம் போட்ட பாவாடையும் அலுமாரிக்குள் இருந்தன. "யாருகிட்டயும் சொல்லிறாத" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காரணம் இருந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். புதிதாக யாரும் சேராவிட்டால் முதலாம் வகுப்பை மூடிவிட்டு அம்மாவை எங்கேயாவது தூரத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு. அதனால் அம்மா தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய்ப் பிள்ளை கேட்டார். வீட்டில் வேறு ஆள் இல்லாததால் நானும் கூடவே போனேன். ஒவ்வொரு வாசலிலும் வாய் தவறி டை விஷயத்தைச் சொல்லிவிடுவேனோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

கடைசி லயத்தில் ரப்பர் பால் வெட்டுகிற அக்கா ஒருவர் இருந்தார். அவருக்கு என் வயதில் ஒரு மகள்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. டவுன் சிங்கள ஸ்கூல்ல சேப்போம்னு அவரு சொல்றாரு. அங்க படிச்சா நாளைக்கு ஒரு வேலையாச்சும் கெடைக்குமில்ல?"

"பாஷை தெரியாத எடத்துல புள்ள பொம்மையாட்டம் உக்காந்திருக்கும்மா. மொதல்ல நம்ம பாஷையில நல்லா எழுதப் படிக்க வரட்டும்" என்றார் அம்மா. இதை அவர் எல்லா வாசலிலும் சொன்னார். நன்றாகவே சொல்வார்.

அக்கா யோசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒங்க பாப்பாவ எங்க டீச்சர் சேக்குறீங்க?"

எனக்கு உயிரே போய்விட்டது. அம்மாவின் கை என் கையை நசுக்கியது.

"இங்கதாம்மா. எங்கிட்டயேதான்."

"அப்பறம் என்ன டீச்சர்! ரெண்டும் ஒண்ணா உக்காரட்டும்" என்று அக்கா முகமெல்லாம் சிரித்தார். நாங்கள் வேண்டாமென்றும் கேட்காமல் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது, "அப்ப டை?" என்று கேட்டேன். அம்மா நடையை எட்டிப் போட்டார். ஆனால் அப்பா லீவில் வந்ததும், "இவள நானே வச்சிக்கிறேங்க" என்றார். அப்பா சத்தம் போடாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"கட்டுன காச திருப்பித் தரமாட்டாங்க. இவளும் என்னையாட்டம் ஹோட்டல்ல படுக்கை விரிக்கணுமா?"

அம்மா எழுந்து குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தது. புதுப் பிள்ளைகளுக்கு மாலை போட்டு வரவேற்கிற விழா என்று அம்மா விடியவே கிளம்பிவிட, அப்பாதான் என்னை மாத்தளை வேனில் ஏற்றிவிட்டார். தோட்டப் பள்ளிக்கூடத்து கேட்டுக்கு முன்னால் கூட்டம். வேன் நின்றது. பார்த்தால் அம்மா! அந்த அக்காவின் மகளுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார். நான் தலையை வெளியே நீட்டி, "அம்மா!" என்று கத்தி, டையைத் தூக்கிக் காட்டிக் கையாட்டினேன்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அந்தச் சின்னவள் மட்டும் எனக்குக் கையாட்டினாள். அம்மா நிமிரவே இல்லை. சரியாக இருந்த மாலையையே திரும்பத் திரும்பச் சரி செய்துகொண்டிருந்தார்.

அம்மாவுக்கு என்னைவிட அந்தப் பிள்ளையைத்தான் பிடிக்கும் என்று மாத்தளை போய்ச் சேரும்வரை அழுதேன்.