மடிப்பு மேசை

என் பெரியம்மா வேலை பார்த்தது ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில். அது கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. மேலே வார்டுகளில் கூட்டமா இல்லையா என்பதை அங்கே யாரும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. அழுக்கு மூட்டைகள் குழாய் வழியாக வந்து விழும் சத்தமே சொல்லிவிடும்.

உள்ளே நுழைந்ததும் பிரிப்பு அறை. மூட்டையை அவிழ்த்து, ரத்தம் பட்டதை ஒரு பக்கமும் மலம் பட்டதை இன்னொரு பக்கமும் போட வேண்டும். விரிப்புக்குள் சுருண்டு கிடக்கும் ஊசியைக் கையில் ஏற்றிக்கொள்ளாமல் எடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தாண்டினால் துவைக்கும் இயந்திரங்கள். ஈரத்துணியை இழுத்து இழுத்தே தோள்பட்டை கழன்றுவிடும். அதற்கப்புறம் சூட்டு உருளை. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து விரிப்பைக் கொடுத்தால், உள்ளே இழுத்து, காய வைத்து, சுருக்கம் நீக்கி மறுபக்கம் தள்ளும். அதற்குப் பெண்கள் வைத்திருந்த பெயர் மாமியார். "நல்லா செஞ்சா ஒரு வார்த்தை பேசாது, ஒரு நிமிஷம் அசந்தா பொசுக்கிடும்" என்பார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் மடிப்பு மேசை. கூடத்திலேயே அங்கே மட்டும்தான் கொஞ்சம் காற்று வரும், உட்கார ஒரு முக்காலியும் உண்டு.

துணிக்கிடங்கில் வேலை செய்துகொண்டிருந்த பெரியம்மாவைச் சலவைக்கூடத்துக்குச் சூப்பர்வைசராக அனுப்பினார்கள். யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தது. ஆனால் எழுதியபடி யாரும் நிற்கவில்லை. உருளையில் நிற்க வேண்டியவள் மேசையில் இருந்தாள், மேசைக்காரி பிரிப்பு அறையில் இருந்தாள். புது சூப்பர்வைசரை ஆழம் பார்க்கிறார்கள் என்று பெரியம்மா நினைத்தார். மறுநாள் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் போனார்.

அன்று காலை ஒரு பெண் வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. யாரிடமும் எதுவும் பேசாமல், தன் தண்ணீர் பாட்டிலை மடிப்பு மேசையின் ஓரத்தில் வைத்தாள். அன்று மேசையில் நிற்க வேண்டியவள் அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு பிரிப்பு அறைக்குப் போனாள். ஏன் என்று கேட்கவில்லை. இவளும் நன்றி சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து வேறொருத்தியின் பாட்டில் அங்கே இருந்தது. வயிற்று வலியாக இருக்கலாம், காய்ச்சலாக இருக்கலாம், வீட்டில் ராத்திரி நடந்த சண்டையாகவும் இருக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர்.

பெரியம்மா எதையும் கேட்காமல் விட்டுவிட்டார். சுவரில் எழுதியிருந்தது அப்படியே இருந்தது, பெண்கள் தங்கள் போக்கில் நின்றார்கள், இவர் பார்க்காததுபோல் நடந்துகொண்டார். அதற்கு முன்பு இவர் கொஞ்சம் கத்துகிற ஆள்தான். வீட்டில் பெரியப்பாவுக்கு அது நன்றாகவே தெரியும். சலவைக்கூடத்துக்குப் போன பிறகு குரல் தணிந்தது. மூட்டை அதிகமாக விழுகிற நாளில் தானே கையுறை மாட்டிக்கொண்டு பிரிப்பு அறைக்குப் போவார். "அந்த நாத்தத்துக்கு உன்னை யாருடி போகச் சொன்னா?" என்று பெரியப்பா கேட்டால், "யாரும் சொல்லல. அதுங்க நிக்கறதப் பாத்தா சும்மா உக்கார முடியல" என்பார். இதற்கெல்லாம் உத்வேகம் என்று ஒரு பெயர் உண்டு என்பது அவருக்கு அப்போது தெரியாது.

அங்கே இருந்தவர்களில் மூத்தவர் கொக்கக்கா. உயரம், ஒல்லி, எப்போதும் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நிற்பார் என்பதால் அந்தப் பெயர். இடது முட்டி தேய்ந்துவிட்டது. உருளையிலோ இயந்திரத்திலோ அவரால் நிற்க முடியாது. ஓய்வு பெறும் வயதுவரை ஓட்டிவிட்டால் மாதா மாதம் ஓய்வூதியம் வரும். அதற்கு முன் வேலைக்குத் தகுதியில்லை என்று டாக்டர் எழுதிவிட்டால் கையில் கொஞ்சம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அதோடு சரி. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் வேறு யாரும் இல்லை. அதனால் அவருடைய பாட்டில் மேசையை விட்டு நகர்வதே இல்லை. மற்றவர்கள் மாற்றி மாற்றி அவருக்காக நின்றார்கள்.

"உங்க பாட்டிலுக்கு வேர் விட்டுடுச்சுக்கா" என்று கிண்டல் செய்வாள் ஒருத்தி. அவளுக்கு வாயாடி என்று பெயர்.

"தண்ணி ஊத்து, காய்க்கும்" என்பார் கொக்கக்கா.

பெரியம்மாவை எல்லோரும் அக்கா என்பார்கள். கொக்கக்கா மட்டும் தங்கச்சி என்பார்.

மருத்துவமனைக்குப் புதிதாக ஒரு நிர்வாக அதிகாரி வந்தார். சின்ன வயது. யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டார், லிஃப்ட் இயக்குபவரிடம்கூட குடும்பத்தைப் பற்றி விசாரிப்பார். சலவைக்கூடத்தில் மட்டும் யாரும் திடீர் விடுப்பு எடுப்பதில்லை என்பது அவர் கண்ணில் பட்டது. பெரியம்மாவைக் கூப்பிட்டு எப்படி என்று கேட்டார். "நல்ல பொண்ணுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார் பெரியம்மா.

அதிகாரி அதோடு விடவில்லை. பிரிவுத் தலைவர்களுக்கெல்லாம் ஒரு நாள் கூட்டம் ஏற்பாடு செய்தார். தங்கள் வேலையில் உத்வேகம் எங்கிருந்து வருகிறது, அதை எப்படி அடையாளம் கண்டார்கள் என்று ஒவ்வொருவரும் மேடையில் சொல்ல வேண்டும். வீட்டு ஆட்களும் வரலாம் என்றார்கள். அப்போது நான் படிப்புக்காகப் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தேன். நானும் பெரியப்பாவும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம்.

சமையல்கூடத் தலைவர் தன் அம்மாவைச் சொன்னார். காவல் பிரிவுத் தலைவர் ஒழுக்கம் என்றார், அதையே நான்கு விதமாகச் சொன்னார். மருந்துப் பிரிவுக்காரர் எங்கேயோ படித்த பொன்மொழியைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். கூட்டத்தை நடத்த வெளியிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பெரியம்மா மேடையேறி, "கடமைதான்" என்று சொல்லிவிட்டு இறங்கப் பார்த்தார்.

"அம்மா, கொஞ்சம் இருங்க" என்றார் பயிற்சியாளர். "கடமைன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க. காலைல எழுந்து வேலைக்குப் போகணும்னு உங்களுக்குத் தோணுதே, அப்ப கண்ணு முன்னாடி என்ன வரும்? அதைச் சொல்லுங்க."

பெரியம்மா மைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலேயிருந்து சலவைக்கூடத்தைப் பற்றி யாரும் இதுவரை புகார் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. தன் பெண்களைப் பற்றி நாலு பேர் நல்லபடியாகக் கேட்கட்டுமே என்று தோன்றியிருக்க வேண்டும். பேச ஆரம்பித்தார்.

"ஒரு பாட்டில் வரும் சார். சாதாரண தண்ணி பாட்டில்."

கூட்டம் சிரித்தது. பிறகு அவர் சொல்லச் சொல்லச் சிரிப்பு நின்றது. வீங்கிய கன்னத்தோடு வந்தவளைச் சொன்னார், கேள்வி கேட்காமல் கையுறை மாட்டியவளைச் சொன்னார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "ஒருத்தரோட பாட்டில் வருஷக்கணக்கா அங்கேயேதான் இருக்கு" என்றார். "நிக்க முடியாது அவங்களால. ஒருத்திகூட முகம் சுளிக்கல. நான் அவங்களுக்குத் தலைவின்னு சொல்றாங்க. நான் அவங்களப் பாத்துத்தான் ஒழுங்கா நடந்துக்கறேன்."

அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. நிர்வாக அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை, நான் பார்த்தேன். "மேடையேறிட்டா உங்க பெரியம்மா, இனிமே நம்ம கூடப் பேசுவாளா" என்று என் காதில் சொல்லிவிட்டுப் பெரியப்பாவும் எழுந்து தட்டினார்.

அடுத்த வாரம் நிர்வாக அதிகாரி புகைப்படக்காரரோடு சலவைக்கூடத்துக்கு இறங்கி வந்தார். மேசையோரத்தில் இருந்த பாட்டிலைப் பல கோணங்களில் படம் எடுத்தார்கள்.

"இது யாரோடது?" என்று ஆசையாகக் கேட்டார் அதிகாரி.

உருளை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க எல்லாரோடதும்தான் சார்" என்றாள் வாயாடி. "தாகம் எல்லாருக்கும்தானே எடுக்கும்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே, முக்காலியிலிருந்து எழுந்திருக்கச் சிரமப்பட்ட கொக்கக்காவைப் பார்த்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "நீங்க உக்காருங்கம்மா" என்றார்.

அதற்கப்புறம் எல்லாம் நல்ல எண்ணத்தோடு நடந்தது. மருத்துவமனைச் சின்னம் போட்ட புதுப் பாட்டில்களை எல்லோருக்கும் கொடுத்தார்கள். பாட்டிலை மேசையில் வைக்கிறவர்களுக்கு உண்மையான உதவி கிடைக்க வேண்டும் என்று ஒரு செவிலியரை நியமித்தார்கள். அவரிடம் காரணத்தைச் சொன்னால் போதும். கூடவே எல்லோருக்கும் இலவசப் பரிசோதனை: முதுகு, தோள், முட்டி. கொக்கக்காவின் முட்டியைப் பார்த்த டாக்டர், இவரை எப்படி இவ்வளவு நாள் நிற்க வைத்தீர்கள் என்று கோபப்பட்டு, வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிட்டாராம்.

பெரியம்மா நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனார். போய் வந்த அன்று சாப்பிடாமல் உட்கார்ந்து என்னிடம் சொன்னது இது.

"நான் அவங்கள ஒருத்தர்கிட்ட பிடிச்சுக் குடுக்கறதுக்காகச் சொல்லல சார்" என்றிருக்கிறார்.

"பிடிச்சுக் குடுக்கறதா? என்ன வார்த்தைம்மா இது. அந்த முட்டியோட நிக்க வெச்சு வேலை வாங்கினதுதான் தப்பு. தெரிஞ்சதுக்கப்புறம் தெரியாத மாதிரி நான் எப்படி இருக்க முடியும்?"

"நான் இருந்தேன் சார். இத்தனை வருஷமா இருந்தேன்."

அவர், "அதுதான் உங்க பெரிய மனசு" என்றாராம். "ஆனா உங்க மனசை நம்பி ஒரு ஆஸ்பத்திரி நடக்க முடியாதேம்மா. எல்லாருக்கும் ஒரே முறைன்னு இருக்கணும்."

"திருட்டுப் பயலா இருந்திருந்தாக்கூட நாலு வார்த்தை கேட்டிருப்பேன்" என்றார் பெரியம்மா என்னிடம். "நல்லவரா இருக்காரு. என்னத்தச் சொல்ல?"

கொக்கக்காவுக்குப் பிரிவுபசாரம் நடந்தது. ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். நிர்வாக அதிகாரி பேசும்போது, தன் வாழ்க்கையில் தான் கண்டெடுத்த மிகப் பெரிய உத்வேகம் இந்தச் சலவைக்கூடம்தான் என்றார். பாட்டிலின் படம் பெரிதாகச் சட்டம் போட்டு, வரவேற்புக் கூடத்தில் மாட்டப்பட்டது.

அதன் பிறகு மேசையில் ஒருத்தியும் பாட்டில் வைக்கவில்லை. வைத்தால் செவிலியர் வருவார், காரணம் கேட்பார், டாக்டரிடம் அனுப்புவார். சுவரில் எழுதியபடி அவரவர் இடத்தில் நின்றார்கள். முடியாதவர்கள் விடுப்பு எடுத்தார்கள். வாயாடி ஒரு நாள் காய்ச்சலோடு உருளையில் நின்றாள். பெரியம்மா பக்கத்தில் போய், "நீ போய் மேசையில உக்காரு, நான் நிக்கறேன்" என்றார்.

"வேணாம் மேடம்" என்றாள் அவள். "அப்புறம் என்னையும் மேடையில சொல்லுவீங்க."

பெரியம்மா தன் அறைக்குள் போய்விட்டார். அன்று முழுக்க வெளியே வரவில்லை என்று பின்னால் வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வேறொரு மருத்துவமனையிலிருந்து அந்தப் பாட்டில் கதையைச் சொல்ல வரும்படி கூப்பிட்டார்கள். பெரியம்மா போகவில்லை. நிர்வாக அதிகாரிக்கு அதில் வருத்தம். தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

கொக்கக்காவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று பெரியம்மா பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார், கிளம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு, பழங்கள் வாங்கிக்கொண்டு போனார். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு தெரு தள்ளி ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தைக் காட்டினாள். "அங்க படி துடைக்கறாங்க."

கட்டடத்தின் கதவு திறந்தே கிடந்தது. "நீ இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா பழப்பையோடு படியேறினார். நான் வாசலில் நின்றேன். படிக்கட்டின் வளைவில் வாளி நகரும் சத்தம் கேட்டது. ஒரு படிக்கு ஒரு தடவை கைப்பிடிக் கம்பி அதிர்ந்தது.

"தங்கச்சியா? மூச்சு வாங்குதே, ஏன் ஏறி வர்ற?"

"இந்த வேலைக்கா வந்தீங்க?"

"பின்ன? முட்டி போனவளுக்கு உக்காந்து பாக்கற வேலையா குடுப்பாங்க? ஏறி எறங்கற வேலைதான் காலியா இருந்துச்சு."

துணியைப் பிழியும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீ பேசினதுக்கு எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்களாமே" என்றார் கொக்கக்கா.

"ஆமா."

"நல்லா தட்டினாங்களா?"

"நல்லா தட்டினாங்கக்கா."

"ம். எங்க காலத்துல யாரும் எங்களுக்குத் தட்டினதில்ல."

"அக்கா, அந்தத் துணியைக் குடுங்க. இந்த அடுக்கு நான் முடிச்சுத் தர்றேன்."

"வேணாம். வீட்டுக்காரங்க பாத்தா, இந்தக் கிழவியால முடியலன்னு நாளைக்கு வேற ஆளப் போட்டுடுவாங்க." அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், கோபம் எதுவும் இல்லை. "பையை அந்த ஜன்னல்ல வை. கீழ எறங்கிக்க, ஈரம் கால்ல படும்."

மேலிருந்து கீழாகத் துடைத்து வந்தார் கொக்கக்கா. அவர் ஒரு படியை முடித்தால் பெரியம்மா ஒரு படி பின்வாங்க வேண்டியிருந்தது. படிக்கட்டு வளைந்ததும் இருவரையும் நான் பார்த்தேன். கொக்கக்கா கம்பியைப் பிடித்து, கெட்ட காலை முதலில் இறக்கி, குனிந்து துடைத்தார். பெரியம்மா அவர் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஒரு படி இறங்கினார். மறுபடி ஒரு படி. கடைசிப் படியும் தீர்ந்து, வாசற்படியும் தீர்ந்து, பெரியம்மா தெருவுக்கு வந்துவிட்டார். கொக்கக்கா வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த நுழைவாயிலுக்குப் போனார்.