இனிக்குது என்றாள்

தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்தபின் என் மனைவிக்கு ருசியே தெரியாமல் போனது. "கண்ணை மூடி, எதையாவது நாக்குல வெச்சு நிதானமா ருசி பாருங்க. மனசுக்கும் தெம்பு வரும்" என்று தருமபுரியில் ஒரு நர்ஸ் சொல்லியனுப்பினார்.

தினமும் காலையில் அவள் நாக்கில் ஒரு துண்டு வெல்லம் வைப்பேன். "மண்ணாட்டம் இருக்குதுங்க" என்பாள். ஆறு மாதம் இப்படியே ஓடியது.

ஒருநாள் வெல்லம் தீர்ந்திருந்தது. என்னவென்று சொல்லாமல் ஒரு கல் உப்பை வைத்தேன். வெகுநேரம் சப்பினாள். பிறகு கண்ணைத் திறந்து, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னிக்கு லேசா இனிக்குதுங்க."

எனக்காகத்தான் சொல்கிறாள் என்று புரிந்தது. உப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. "பாத்தியா, சரியாயிட்டு வருது" என்றேன்.

மறுநாள் வெல்லம் வாங்கி வந்தேன். அதுவும் இனிக்குது என்றாள். நான் தலையாட்டினேன். அவளுக்கு ருசி திரும்பவேயில்லை.