அப்பாவின் ஏழாம் நம்பர்

வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் எனக்குத் திடீரென்று பலம் வந்துவிட்டதாகப் போன மாதம் நான் நம்பிக்கொண்டு திரிந்தேன். புதிதாக ஒரு கோல்ஃப் செட் வாங்கியிருந்தேன். அதிலிருந்த ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையால் அடித்தால், என் கையிலிருந்து இதுவரை போகாத தூரத்துக்குப் பந்து போயிற்று. மலேசியாவில், எங்கள் கூலாய் ஊரில் நான் ரொட்டி சானாய் வாங்கிச் சாப்பிடும் கடைக்காரரைக்கூட விடவில்லை. சட்டைக்கையை மடித்துத் தோளைக் காட்டினேன். அவர் பாவம், கல்லில் ரொட்டி தீயத் தீயப் பார்த்தார்.

கூட ஆடும் நண்பர்தான் ஒருநாள் அந்த மட்டையையும் என் பழைய செட்டின் ஐந்தாம் நம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். இரண்டின் முகமும் ஒரே சாய்வு.

"அலமாக் அண்ணே! அஞ்சு மாதிரி செஞ்சி ஏழுன்னு எழுதியிருக்கான். நீங்க தோளத் தூக்கிக்கிட்டுத் திரியிறீங்க."

கோல்ஃப் ஆடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மட்டையின் இரும்பு முகம் எவ்வளவு மல்லாந்திருக்கிறதோ, பந்து அவ்வளவு உயர எழும்பி அவ்வளவு கிட்டத்தில் விழும். வேலை செய்வது அந்தச் சாய்வுதான். அடியில் பொறித்த எண் வெறும் பெயர். ஐந்தின் முகம் நிமிர்ந்தது, தூரம் போகும். ஏழின் முகம் மல்லாந்தது, அவ்வளவு போகாது. ஆகவே இன்னொருவன் ஐந்தால் அடிக்கும் தூரத்தை நாம் ஏழால் அடித்துவிட்டால் நாம் பலசாலி. எங்களைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களுக்கு அந்த எண் அவசியமா என்றால், இல்லைதான். ஆனால் அந்த எண் ஒரு மனிதரைப் படுக்கையிலிருந்து எழுப்பியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. லாயாங் லாயாங் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. வெள்ளைக்கார துரைமார் போகும்போது விட்டுப்போன ஒன்பது குழி கோல்ஃப் திடல் ஒன்று இருந்தது. வாரநாளில் மாடு மேயும், ஞாயிற்றுக்கிழமை கிராணிமார் ஆடுவார்கள். நான்காவது குழிக்குத் தோட்டத்து எண்ணெய் மில்லின் குளத்தைத் தாண்டி அடிக்க வேண்டும். அங்கே ஒரு வழக்கம். அடிப்பதற்கு முன் கையிலிருக்கும் மட்டையின் நம்பரை உரக்கச் சொல்ல வேண்டும். மொத்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார் என்பது திங்கட்கிழமை யாருக்கும் ஞாபகமிருக்காது. குளத்தை எந்த நம்பரில் தாண்டினார் என்பது மட்டும் தீபாவளி வரைக்கும் பேசப்படும். ஐந்து என்று சொன்னவரிடம், "பால் கலக்கிக் குடுக்கவா?" என்று கேட்பார்கள்.

அப்பா எப்போதும் ஏழு.

அந்த வருஷம் அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியிலிருந்து பாதி ஆளாகத் திரும்பி வந்தார். உடம்பு தேறிவிட்டது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா டாக்டரை நம்பவில்லை, குளத்தை நம்பினார். அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு ஏழாம் நம்பரோடு போனார். இரண்டு முறையும் பந்து தண்ணீரில் விழுந்தது. பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"ஏழுல தாண்டாத ஒடம்பு ஆபீசுக்கும் ஆவாதும்மா. மேனேஜர்கிட்ட சொல்லிட்டு வேலைய விட்டுடுறேன்" என்றார் அம்மாவிடம்.

வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். எங்களுக்கு வேறு வீடு கிடையாது. அம்மா பரண்மேல் இருந்த பெட்டிகளை இறக்கித் துடைக்க ஆரம்பித்தார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, மில் ஒர்க்‌ஷாப்பில் போர்மன். வாய் ஓயாத மனிதர்.

"அஞ்செடுத்து அடிங்க மச்சான். அழகாத் தாண்டிரும்."

"அஞ்செடுத்து அடிக்கிறதுக்கு வீட்லயே படுத்திருக்கலாம்லா, மாப்ள."

"சரி, நாளைக்கு ஒரே ஒரு தடவ ஏழுலயே அடிங்க. தாண்டலன்னா நானே வந்து பெட்டி கட்டுறேன்."

அப்பா சுவரைப் பார்த்தபடியே தலையாட்டினார். மாமா வெளியே வந்து என் காதைப் பிடித்தார். பையிலிருந்து ஐந்தையும் ஏழையும் உருவிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடிவரச் சொன்னார்.

சனிக்கிழமை அரைநாள்; மில்லில் யாருமில்லை. மாமா இரண்டு மட்டைகளையும் அளந்து பார்த்தார். ஐந்தின் பிடியைக் கழற்றி, தண்டின் மேல்முனையை ஏழின் உயரத்துக்கு அறுத்து, பிடியை மறுபடி மாட்டினார். அடியிலிருந்த 5-ஐத் தேய்த்து வழித்தார். இரும்பிலிருந்து பொறி பறந்தது. எண் பொறிக்கும் உளியை வைத்து, சுத்தியலால் ஒரே போடு.

"இப்ப இது என்னாடா?"

"ஏழு."

"அப்ப ஏழுதான்."

"பழைய ஏழு, மாமா?"

"அதுக்கு லீவு குடுத்தாச்சு. வீட்ல வாயத் தொறந்த, ஒன் நெத்தியிலயும் ஒண்ணு குத்திருவேன்."

என் கண் முன்னால் ஒரு பொருள் வேறொரு பொருளாக மாறியிருந்தது. சாய்வு, கோணம் எதுவும் எனக்குத் தெரியாது. சக்தி அந்த எண்ணில்தான் இருக்கிறது, மாமா அதை இரும்புக்குள் இறக்கிவிட்டார் என்று முழுதாக நம்பினேன். அன்று சாயங்காலமே என் சைக்கிளிலும் உண்டிவில்லிலும் பள்ளிக்கூடச் சப்பாத்திலும் சுண்ணாம்பால் ஏழு எழுதினேன். சைக்கிள் வேகமாகப் போனது என்பதைச் சத்தியம் செய்து சொல்வேன்.

மறுநாள் குளக்கரை. அப்பாவின் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் பெல்ட்டுக்குள் சுருங்கிக் கிடந்தது. மட்டையை எடுத்துக்கொண்டு நின்றார்.

"ஏழு" என்றார்.

"கேக்கலையே, பெரிய கிராணி!" பின்னாலிருந்து யாரோ.

"ஏழுய்யா!"

அடித்தார். பந்து எப்போதும் போல உயரே எழும்பவில்லை. தாழ்வாக, குளத்துக் கொக்குகளின் தலைக்கு மேலே, எங்கோ போய்ச் சேரவேண்டிய அவசரத்தோடு போனது. தண்ணீர் முடிந்தது, பந்து முடியவில்லை. அக்கரைப் புல்லில் விழுந்து குதித்து ஓடியது. கோயில் திருவிழாவில் சாமி இறங்கிய ஆளைப் பார்ப்பதுபோல நான் அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா மட்டையைத் திருப்பி அடியைப் பார்த்தார். எண்ணைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா ஒரு செம்பனையின் உச்சியில் குலை பழுத்திருக்கிறதா என்று கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"காத்து பின்னாலேர்ந்து அடிக்கிது போல, மாப்ள."

"காத்தே இல்ல மச்சான். எல்லாம் உங்க கைதான்."

திங்கட்கிழமை அப்பா வெள்ளைச் சட்டை போட்டு ஆபீசுக்குப் போனார். பெட்டிகள் பரணுக்கு ஏறின.

அதற்கப்புறம் எனக்கு ஒரே பயம். பையில் ஐந்தாம் நம்பர் இல்லை. இன்று கேட்பார், நாளை கேட்பார் என்று காத்திருந்தேன். ஆபீஸ் ஸ்டோரில் ஒரு மண்வெட்டி குறைந்தாலும் கண்டுபிடிக்கிற மனிதர், அதைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. அசல் ஏழாம் நம்பர் மட்டையையோ மாமா தன் வீட்டுக் கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். தீபாவளிக்கு அங்கே சாப்பிடப் போனபோது அப்பா கைகழுவிவிட்டுக் கூண்டின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"கோழிங்க நல்லா வளந்திருக்கு, மாப்ள" என்று மட்டும் சொன்னார். தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்பாவுக்குக் கோழிகளை இவ்வளவு பிடிக்கும் என்பது அன்றுதான் தெரிந்ததாகவும் நினைத்தேன்.

அப்பா ஓய்வுபெறும் வயது வரை அந்த ஆபீசில் வேலை பார்த்தார். குளத்தில் கடைசி வரை ஏழு என்றே கத்தினார். அவரும் மாமாவும் இப்போது இல்லை. போன வாரம் அம்மாவிடம், நானும் மாமாவும் சேர்ந்து அப்பாவை ஏமாற்றிய கதையை முதல் தடவையாக, சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"உங்கப்பா கோழியவா பாத்தாரு? எங்க வீட்ல ஏமாந்தவன் நீ ஒருத்தன்தான்டா."