எட்டு சிலிண்டர் இலக்கமும் நாலு சிலிண்டர் எஞ்சினும்

பலெர்மோவில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் கார்களை இரண்டு வரிசையாக விடுகிறார்கள். உள்வரிசைக்காரன் வேலைக்குப் போக இறங்கி வந்தால் வெளிவரிசைக்காரனின் கார் மறித்துக்கொண்டு நிற்கும். ஊரென்றால் இந்த விஷயத்தில் இரண்டு குடும்பங்கள் மூன்று தலைமுறைக்குக் கதைக்காமல் விடும். இங்கே மறிபட்டவன் ஆறுதலாக ஹோர்னை அழுத்துகிறான். மூன்றாம் மாடிப் பல்கனியில் ஒருவன் பெனியனோடு தோன்றி "வாறன்" என்கிறான். உடனே வருவதில்லை. கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு வருகிறான். பிறகு இருவரும் தோளில் தட்டிக்கொண்டு பிரிகிறார்கள். இருபத்திரண்டு வருடமாக இதைப் பார்த்து, இந்த நகரத்தில் வாகனச் சட்டம் என்று ஒன்று இல்லை என்ற முடிவுக்கு நான் வந்திருந்தேன். ஐம்பத்தைந்து வயதில் ஒரு மனிதன் தன்னுடைய அவதானிப்பை நம்பினால் என்ன நடக்கும் என்பதை ஊரில் இருப்பவர்களும், என்னைப்போல வெளிக்கிட்டு வந்து அடுத்தவன் தட்டைக் கழுவுபவர்களும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

என் வேலை ஒப்பந்தத்தில் தொழில் என்ற இடத்தில் 'கோல்ஃப்' என்று இருக்கிறது. ஊரில் இருந்து வாசிப்பவர்கள் புல்வெளியில் பந்தடிக்கும் விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டுவேலைக்காரன் என்பதை இத்தாலியர்கள் கௌரவமாகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவரின் வீட்டைத் துடைக்கிறேன், சமைக்கிறேன், மருந்துகளை நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கிறேன். எல்லோரும் அவரை 'அவ்வொக்காத்தோ' என்று தொழிலைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவர் தொழிலை விட்டுப் பதினைந்து வருடம். தொழில் அவரை விடவில்லை. தவராசா என்ற என் பெயரில் அவருடைய வாய்க்குள் அடங்கியது 'ராஜா' மட்டும். ராஜா என்றால் எங்கள் மொழியில் அரசன் என்று ஒருநாள் விளக்கினேன். "நல்லது அரசே, குளியலறை இன்னும் துடைக்கவில்லை" என்றார்.

அந்தக் கட்டடத்தின் நிலவறையில் ஒரு கார் நின்றது. அவருடைய தமையன் அமெரிக்காவில் இருந்து திரும்பியபோது கப்பலில் ஏற்றி வந்தது. நீண்ட மூக்கு, இரண்டே கதவு, அகன்ற பின்பக்கம். ஒரு காலத்தில் அங்கத்தைய இளந்தாரிகள் நேர்ரோட்டில் பந்தயம் விட்ட வகை. மசில் கார் என்பார்கள். எந்தக் கொம்பனி என்று எழுதமாட்டேன். நான் அதற்குச் செய்ததைக் கேட்டால் அந்தக் காரின் பக்தர்கள் வீடு தேடி வருவார்கள். அதன் எட்டு சிலிண்டர் எஞ்சின் கடற்காற்றில் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. சனிக்கிழமைகளில் அவ்வொக்காத்தோ இறங்கிப்போய் அதற்குள் இருந்து பத்திரிகை வாசிப்பார். ஒரே ஒருமுறை அதை ஓட்டிக்கொண்டு ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற மீனவக் கிராமத்துக்குப் போய், கடலைப் பார்த்தபடி மட்டி சாப்பிடவேண்டும் என்பது அவருடைய ஆசை.

"எஞ்சினை மாற்றலாம்" என்று ஒரு சனிக்கிழமை சொன்னேன். கையில் துடைப்பம் இருந்ததால் அவருக்கு விளங்கவில்லை.

"எஞ்சினைத் துடைக்கலாம் என்கிறாயா?"

"இல்லை, அவ்வொக்காத்தோ. இதைக் கழற்றிவிட்டு இந்தக் காலத்து எஞ்சின். நாலு சிலிண்டர், டர்போ. நான் ஊரில் மெக்கானிக்."

பத்து வருடமாக வீட்டில் கிடந்த கதிரை வாய்திறந்து கதைத்ததுபோல என்னைப் பார்த்தார்.

"ஏன் இதை முதலே சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லை."

அன்றைக்கே வாக்குக் கொடுத்தார். அவருடைய தங்கையின் மகன் சால்வோ நகரத்தின் மறுகரையில் கராஜ் வைத்திருக்கிறான். கார் ஓடினால் சால்வோ என்னை வேலைக்கு எடுப்பான். ஒப்பந்தத்தில் மெக்கானிக் என்று அவ்வொக்காத்தோவே தன் கையால் எழுதுவார். வீட்டுக்கு வந்து மனைவி வதனியிடம் சொன்னேன். அவள் வியா மக்வேதாவில் ஒரு சிஞ்ஞோரா வீட்டில் நாள் முழுக்க அயர்ன் பெட்டியால் உடுப்பு மினுக்கிவிட்டு வந்து காலை நீட்டியிருந்தாள்.

"இஞ்சருங்கோ, முழங்கால் நோகுது எண்டு போன கிழமைதான் டொக்டரிட்டைப் போனனியள். காருக்குக் கீழை படுத்தா ஆர் இழுத்து எடுக்கிறது?"

"மெக்கானிக் எண்டு எழுதித் தாறாராம், வதனி."

அவள் நீட்டிய காலை மடக்கிக்கொண்டு எழும்பினாள். பிறகு, "அப்ப செய்யுங்கோ. அப்பிடியே உங்களுக்கும் ஒரு எஞ்சின் பாருங்கோ" என்றாள்.

நான் கொக்குவிலில் கராஜில் வேலை செய்த காலம் பொருளாதாரத் தடைக்காலம். பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கிய ஒஸ்ரின் கார்களுக்கு நாங்கள்தான் வைத்தியர்கள். செத்த வானின் எஞ்சினை உயிருள்ள காருக்குப் போடுவோம். தண்ணி இறைக்கிற மெஷினின் பாகம் கலியாணக் காருக்குள் இருக்கும். பொருந்தாது என்ற சொல் எங்கள் அகராதியில் இல்லை. அதைச் சொல்ல எங்களுக்கு வசதி இருக்கவில்லை. அந்தக் கை இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடி ஜன்னல்களைத் துடைத்து மினுமினுப்பாகியிருந்தது.

அடிபட்டு நொறுங்கிய ஒரு புதுக் காரின் எஞ்சினைப் பழைய வாகனம் உடைக்கும் இடத்தில் ரசீதோடு வாங்கினோம். ஐந்து மாதம் பின்னேரங்களில் வேலை. எட்டு சிலிண்டர் இருந்த இடத்தில் நாலு சிலிண்டரை வைத்தபோது, பெரிய வளவுக்குள் வாடகைக்கு வந்த ஒற்றை ஆள் மாதிரி இருந்தது. எஞ்சினும் கியர்பொக்ஸும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்கவில்லை. நடுவில் ஒரு தடித்த இரும்புத் தகடு வெட்டி, இரண்டு பக்கத்துக்கும் துளை போட்டுச் சம்பந்தம் செய்து வைத்தேன். இடமில்லாத காரணத்தால் அதன் கடைசி போல்டை அடியில், எவர் கண்ணுக்கும் படாத மூலையில் பூட்டினேன். டர்போ என்பது வேறொன்றுமில்லை. வெளியே போகிற புகையை மடக்கிப் பிடித்து ஒரு விசிறியைச் சுற்ற வைத்து, அந்த விசையில் எஞ்சினுக்குள் இன்னும் காற்றைத் திணிப்பது. அடுத்தவன் கழிவில் இருந்து தன் பலத்தை எடுக்கும் இந்த யோசனை எந்தக் கோல்ஃபுக்கும் உடனே விளங்கும்.

முதல்முறை ஸ்டார்ட் செய்த அன்று சால்வோ வந்தான். பொனற்றைத் திறந்து பத்து நிமிடம் பார்த்தான். குனிந்து, வயர்கள் போன வழியை விரலால் தடவினான். "யார் செய்தது?" என்றான். அவ்வொக்காத்தோ என்னைக் காட்டினார். சால்வோ தன் எண்ணெய்க் கையைத் துடைக்காமலே என் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினான். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டமளிப்பு அதுதான். "அடுத்த மாதம் வந்துவிடு" என்றான்.

கார் ரோட்டில் இறங்குவதற்கு அரசாங்கப் பரிசோதகர் பார்த்துக் கடிதம் கொடுக்கவேண்டும். அதற்கு முதல்நாள் மத்தியானம், ஒரு வேலை மிச்சம் இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் பக்கம் இராணுவம் வந்த பிறகு ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் காரின் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, எஞ்சினில் உள்ள இலக்கத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் கார் அங்கேயே நிற்கும். சிலவேளை ஓட்டி வந்தவரும் அங்கேயே நிற்பார். ஆகவே எஞ்சின் மாற்றினால், புது எஞ்சினின் இலக்கத்தை அரத்தால் அராவி அழித்து, புத்தகத்தில் உள்ள பழைய இலக்கத்தை அச்சால் அடித்துக் கொடுப்பது எங்கள் தொழிலின் கடைசி மரியாதை. அதைச் செய்யாமல் காரைக் கையளிப்பவன் மெக்கானிக் இல்லை, கொலைகாரன். பல்லாரோச் சந்தையில் வாங்கிய இலக்க அச்சுகளை எடுத்து, முழங்கால் நோவோடு குந்தி இருந்து, அமெரிக்க எஞ்சினின் இலக்கத்தை அந்த நாலு சிலிண்டர் எஞ்சினில் அழகாக அடித்தேன். ஒரு இலக்கமும் சரியவில்லை.

பரிசோதகர் மெல்லிய மனிதர், கழுத்தில் சங்கிலி கட்டிய மூக்குக்கண்ணாடி. புத்தகத்தைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

"இந்த இலக்கத்துக்கு எட்டு சிலிண்டர் இருக்கவேண்டும்."

"ஓம், சிஞ்ஞோரே. இலக்கம் சரிதானே?" என்றேன், பெருமையோடு.

"இலக்கம் சரி. எஞ்சின்தான் வேறு."

எங்கள் சாவடிகளில் ஒருவனும் சிலிண்டர் எண்ணியதில்லை. இவர் எண்ணினார். பிறகு நாங்கள் நேர்மையாக நீட்டிய ரசீதை வாங்கி, அதில் எழுதியிருந்த இலக்கத்தை எஞ்சினில் தேடினார். அதைத்தான் நான் பவ்வியமாக அராவி எடுத்திருந்தேனே. ரசீதுள்ள எஞ்சின் ஒன்றைக் களவு எஞ்சினாக மாற்றும் கலையை அவருக்கு முன்னால் அதுவரை எவரும் இவ்வளவு பொறுமையாகச் செய்து காட்டியிருக்கமாட்டார்கள். சால்வோ என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இருந்தது பயம். பரிசோதகர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவ்வொக்காத்தோவுக்குப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஒரு வழக்குக் கிடைத்தது. இளமை திரும்பிவிட்டது. மேசையில் இருந்து பொலிஸுக்கு ஒரு கடிதத்தைத் தானே தட்டச்சு செய்தார். "கேள், ராஜா. மெக்கானிக் ஒருவன் எஞ்சின் இலக்கத்தை அழித்தால் அது தெரிந்து செய்த குற்றம். வீட்டுவேலைக்காரன் அழித்தால் அது முட்டாள்தனம். முட்டாள்தனத்துக்குத் தண்டனை இல்லை."

"நான் மெக்கானிக்தானே."

"அதற்கு எங்கே கடிதம்?"

கொக்குவில் கராஜ் கடிதம் கொடுக்கும் இடமில்லை. அந்தக் கராஜே இப்போது இல்லை. என் குடியுரிமை விண்ணப்பம் ஏதோ ஒரு மேசையில் மூன்று வருடமாகக் கிடக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ் கோப்புப் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கடிதத்தை வாசித்துக் காட்டினார். 'இயந்திரங்கள் பற்றி எந்த அறிவும் அற்ற, என் வீட்டைச் சுத்தம் செய்யும் பணியாளர்.' வதனியிடம் கேட்க நேரம் கேட்டேன். தொலைபேசியில் அவள், "கையெழுத்தை வையுங்கோ. பிள்ளையின்ரை படிப்பு முடியேல்லை" என்றாள். பிறகு, "நீங்கள் மெக்கானிக் எண்டு எனக்குத் தெரியும்தானே" என்றாள். அந்த இரண்டாவது வசனத்தைத்தான் தாங்க முடியவில்லை. கையெழுத்தை வைத்தேன். இயந்திரம் அறியாதவன் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தவனைச் சால்வோ எப்படி மெக்கானிக்காக எடுப்பான்? அவனும் அதன்பிறகு அந்த 'அடுத்த மாதத்தை'ப் பற்றிக் கதைக்கவில்லை.

எஞ்சினைக் கழற்றி ஒப்படைத்தால் விஷயம் முடிந்தது என்றார்கள். அனுமதி பெற்ற கராஜ்தான் கழற்றவேண்டும் என்பதால் போன செவ்வாய்க்கிழமை காலை சால்வோ சங்கிலித் தூக்கியோடு நிலவறைக்கு வந்தான். பொலிஸ்காரர் ஒருவர் கோப்போடு வந்து நின்றார். கோப்பில் முதல் தாள் என்னுடையது. அவ்வொக்காத்தோ கதிரை போட்டு இருந்தார். என்னிடம் கைவிளக்கைத் தந்தார்கள். வீட்டுவேலைக்காரன் பிடிக்கக்கூடியது அதுதான்.

சால்வோ கண்ணில் பட்ட எல்லா போல்டுகளையும் கழற்றிவிட்டுச் சங்கிலியை இழுத்தான். எஞ்சின் அசையவில்லை. மறுபடி இழுத்தான். கியர்பொக்ஸ் முனகியது. இன்னும் ஒருமுறை இழுத்தால் அதன் கூடு வெடித்துப் பிளக்கும் என்பது எனக்குத் தெரியும், அடியில் இருந்த கடைசி போல்டுக்கும் தெரியும்.

"எங்கேயோ ஒன்று பிடிக்கிறது" என்றான் சால்வோ, என்னைப் பாராமல்.

பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். "உமக்கு ஏதாவது தெரியுமா?"

"இல்லை, சிஞ்ஞோரே. நான் வீடு துடைக்கிறவன்."

சொல்லிவிட்டு, கை களைத்தவன்போல விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தினேன். வெளிச்சம் தகட்டின் அடிமூலையில் போய் விழுந்தது. சால்வோ குனிந்து பார்த்தான். "இதோ இருக்கிறது" என்றான்.

"பிராவோ" என்றார் பொலிஸ்காரர், சால்வோவிடம்.

அவன் காருக்குக் கீழே படுத்து ஸ்பானரைப் போட்டுத் திருப்பத் தொடங்கினான். இடப்பக்கமாக, கால்வட்டம் கால்வட்டமாக. காற்சட்டைப் பைக்குள் இருந்த என் வலது கையும் அவனோடு சேர்ந்து இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. கடிதத்தில் கையெழுத்து வைத்தது அந்தக் கைதான். அந்தக் கடிதத்துக்குக் கட்டுப்பட்டு விளக்கை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றதென்னவோ மற்றக் கை.