சகாயசெல்வியின் கழுத்துக் கட்டி

என் மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. இருதயநாதன் உடைத்தது. அந்தப் பாவியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

1974. போர்ட் பிளேயரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். அவன் பெண்டாட்டி சகாயசெல்வி, டெலானிபூர் மேட்டில் கூடை சுமந்து மீன் விற்கிறவள். கழுத்தில் எலுமிச்சை அளவு கட்டியோடு வந்தாள். புற்றா, இல்லையா? மெட்ராஸிலிருந்து புதிதாக வந்த டாக்டர், வெட்டவேண்டாம், மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்த்தால் போதும் என்றார். மயக்கமருந்து கிடையாது, குத்தும்போது எச்சில் விழுங்காதே, இரண்டு மூன்று குத்துதான், பிறகு பஞ்சால் அழுத்திப்பிடி, நாலு நாள் நீலம் பாரிக்கும், பயப்படாதே என்று நான் சொல்லிவைத்தேன்.

"நீலம் எனக்குப் புதுசா, அண்ணாச்சி?" என்று தோளைக் காட்டினாள். புருஷன் துடுப்பால் அடித்த இடம் கன்றிக் கிடந்தது.

முனகாமல் குத்து வாங்கினாள். கெளுத்தி முள் இதைவிடக் கடுக்குமாம். உறிஞ்சியதைக் கண்ணாடித் தகடுகளில் தடவிக் காயவைத்தேன். அவை மறுநாள் கப்பலில் மெட்ராஸுக்குப் போகவேண்டும். அங்கேதான் பார்த்துச் சொல்வார்கள்.

அதற்குள் இருதயநாதன் வந்துவிட்டான். அவன் அண்ணன் வைத்தியத்துக்குக் கப்பலேறிப் போனவன். திரும்பி வந்தது தந்திதான். இவள் ரத்தம் கப்பலேறினால் இவளும் போய்விடுவாள் என்று முடிவுகட்டியிருந்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கதவை உதைத்துத் திறந்தான். தடுத்த என் வாயில் குத்தினான். தகடுகளைத் தரையில் போட்டு வெறுங்காலால் மிதித்தான், ரத்தம் ஒழுக, அழுதுகொண்டே. பஞ்சை அழுத்திப்பிடித்தபடி நின்றவள் கூந்தலைப் பிடித்து வாசல்வரை தரதரவென்று இழுத்துப்போனான்.

அந்தக் கப்பல் போய்விட்டது. பதினைந்து நாள் கழித்துக் கிழிந்த உதட்டோடு அவள் தனியாக வந்து, மறுபடி குத்தச் சொன்னாள்.

ஒரு மாதத்தில் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. இருவரும் வந்தார்கள், அவன் நொண்டிக்கொண்டு. புற்று இல்லை, சாதாரணக் கட்டி என்று வாசித்தேன். அவன் விம்மிக்கொண்டே அவளைக் கட்டிப்பிடிக்கப் போனான். அவள் கூடையிலிருந்த மீன்கத்தியை எடுத்து அவன் மணிக்கட்டில் வைத்தாள். ஒரு கோடு ரத்தம் துளிர்த்தது.

"கட்டி வந்த நாளா, சாவப்போறவதானன்னு எல்லா அடியையும் பொறுத்துக்கிட்டேன். நான் சாவலையாம். இனி எம்மேல வச்சா, இந்தக் கை ஒனக்கு இருக்காது."

அன்றே ஊருக்கு வெளியே இருக்கிற கராச்சர்மாவுக்குப் பஸ் ஏறினாள். அங்கே தனியாக வீடு பிடித்து மீன் விற்றாள். இருதயநாதன் தன் மீனை அங்கேதான் கொண்டுவருவான். கூடையை இறக்கிவைத்துவிட்டு, கை எட்டாத தூரத்தில் போய் நிற்பான்.